நம்ம நோட்டுல இருந்து நம்ம ஆப்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நம் தொழிலுக்கு வேண்டிய ஆப்பை நாமே செய்து கொள்வது" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் பின் வரிசையில் ஒரு அக்கா, "ஏட்டி, ஆப்பமா, ஆப்பா?" என்று கேட்டாவ. எல்லாரும் சிரிச்சீங்க. நான் சொல்லுதேன், ரெண்டும் ஒண்ணுதான். மாவுப் பதம் தெரிஞ்சவங்கதான் ஆப்பம் சுட முடியும். அதேமாதிரி, கணக்குப் பதம் தெரிஞ்சவங்கதான் ஆப் செய்ய முடியும். அந்தப் பதம் இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். இன்றைக்கு நான் பேசப் போவது இந்த ஒரு விஷயம்தான்.

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் உப்பளத்துக்குப் போகிறவர். ரெண்டு பிள்ளைகள். குழுவில் கணக்கு எழுதுகிற வேலை ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறது. எங்கள் குழுவில் 14 பேர். அதில் 8 பேர் சேர்ந்து சுக்குக் கருப்பட்டி, சில்லுக் கருப்பட்டி, முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறோம். அந்த வியாபாரத்துக்காக நாங்களே ஒரு சின்ன ஆப் செய்தோம். ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஆப் எதற்கு வேண்டியிருந்தது என்று சொல்கிறேன். எங்கள் சரக்குக்கு ஓட்டம் இருக்கிற நாள் உங்களுக்கே தெரியும். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா, கந்த சஷ்டி என்று திருச்செந்தூருக்குக் கூட்டம் வரும்போதெல்லாம் நமக்கும் ஆர்டர் வரும். ஆனால் அது ஒரே வழியில் வராது. ஒரு ஆர்டர் தலைவி அக்கா போனுக்கு வரும். ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். ஒன்றை வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். சரக்கு ஒரு வீட்டில் இருக்கும், பணம் இன்னொருத்தர் ஜிபேயில் விழும். பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பது மூன்றாவது ஆள். கடைசியில் கணக்கு நாலு இடத்தில் கிடக்கும். நோட்டில் பாதி, வாட்ஸ்அப்பில் கால், காலண்டர் தாளுக்குப் பின்னால் கொஞ்சம், மீதி அவரவர் ஞாபகத்தில்.

ஒரு கந்த சஷ்டி முடிந்து பங்கு பிரிக்கும்போது எங்கள் குழு அக்கா ஒருத்தர், "நான் இன்னும் 1,450 ரூபாய்க்குச் சரக்குக் கொடுத்திருக்கேன், அது எங்க?" என்று கேட்டாவ. அவர்கள் சரக்குக் கொடுத்தது உண்மை. வாங்கியவர் பணம் கொடுத்ததும் உண்மை. அந்தப் பணம் எந்த ஆர்டரோடு சேர்ந்தது என்று மட்டும் யாராலும் எடுத்துக் காட்ட முடியவில்லை. நம்ம பதிவேடுகளில் சேமிப்புக்குக் கட்டம் உண்டு, கடனுக்குக் கட்டம் உண்டு, வட்டிக்குக் கட்டம் உண்டு. யார் சரக்கு யார் ஆர்டருக்குப் போனது என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. அந்த அக்கா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ரெண்டு மாசம் கூட்டத்துக்கே வரவில்லை. குழுவில் யாரும் 1,450 ரூபாயை எடுத்துக் கொள்ளவில்லை, ஆனாலும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற பார்வை மாறிப்போச்சு. குழு உடைகிறது பெரும்பாலும் திருட்டால் இல்லை, இப்படிக் காட்ட முடியாத கணக்கால்தான்.

நம் எல்லாருக்கும் பயிற்சியில் பஞ்ச சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாமல் திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்குப் பதிவேடு. ஐந்தாவதாகச் சொல்கிறதால் பதிவேடு கடைசி என்று நினைக்கக் கூடாது. மற்ற நாலும் நடந்ததா என்று காட்டுவது அந்த ஐந்தாவதுதான். 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்கள் தொடங்கியபோதும், 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோதும், அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களை வங்கி நம்பியதற்கு ஒரு பெரிய காரணம் அந்த நோட்டுதான். கூட்டம் நடந்ததும் சேமித்ததும் திருப்பிக் கட்டியதும் அதில் இருந்தது. நோட்டுதான் நமக்கு அடமானம். இப்போது சேமிப்போடு வியாபாரமும் சேர்ந்துவிட்டது. நோட்டும் அதற்குத் தக்க வளர வேண்டும்.

ஆப் செய்து தர ஆள் இருக்கிறார்களா என்று விசாரித்தோம். ஒருவர் சொன்ன தொகை, நாங்கள் ஒரு திருவிழாவில் பார்க்கிற லாபத்தை விட அதிகம். அதோடு, "பிறகு ஏதாவது மாற்றணும்னா தனிக் காசு" என்றார். அப்போதுதான் கல்லூரியில் படிக்கிற எங்கள் குழுத் தங்கச்சி ஒருத்தி, "அக்கா, இப்போ நிரல் எழுதாமலேயே ஆப் செய்யலாம், குறைந்த நிரல் கருவின்னு இருக்கு" என்று சொன்னாள். நிரல் என்றால் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழியில் எழுதுகிற கட்டளை. அதை வரி வரியாக நாம் எழுத வேண்டியதில்லை. படிவம், பட்டியல், பட்டன் எல்லாம் தயாராக இருக்கும். எது எங்கே வரணும், எதற்குப் பிறகு எது நடக்கணும் என்று நாம் தேர்ந்தெடுத்து வைத்தால் போதும். அதற்குத்தான் குறைந்த நிரல் என்று பெயர்.

இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. இதற்கு வழி போட்டவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்ற கணித ஆசிரியை, கடற்படையில் சேர்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர். கணக்குக் குறியீடு தெரிந்தவர்கள் மட்டும் ஏன் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும், சாதாரண வார்த்தையில் கட்டளை கொடுத்தால் என்ன என்று 1950-களிலேயே கேட்டார். அது நடக்காது என்று சொன்னவர்கள் நிறைய. அவர் செய்து காட்டினார். அவர் உண்டாக்கிய மொழியை அடிப்படையாக வைத்துத்தான் 1959-ல் கோபால் என்ற மொழியின் வேலை தொடங்கியது. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பல காலம் அதுதான் ஓடியது. 1979-ல் விசிகால்க் என்ற கட்டம் போட்ட கணக்குத்தாள் கம்ப்யூட்டருக்குள் வந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானே மாறும். கணக்கு எழுதுகிறவர்கள் நிரல் படிக்காமலேயே கம்ப்யூட்டரை வேலை வாங்க ஆரம்பித்தது அதிலிருந்துதான். இன்றைக்கு எக்செல், கூகுள் ஷீட் என்று நாம் பார்ப்பதெல்லாம் அதன் வழி வந்தவை. குறைந்த நிரல் என்ற பெயர் மட்டும் 2014-ல் ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்தது.

நம்ம பக்கத்திலேயும் இந்த வேலை நடக்கிறது. சோஹோ என்ற நிறுவனம் 2006-லேயே சோஹோ கிரியேட்டர் என்று இப்படி ஒரு கருவி கொண்டு வந்தது. அந்த நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்ததும், கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுப்பதும் நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆப்ஷீட் என்று இன்னொரு கருவி, 2020-ல் கூகுள் வாங்கியது. மைக்ரோசாப்டிலும் பவர் ஆப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் எடுத்தது ஆப்ஷீட். காரணம் ஒன்றுதான். நாங்கள் ஏற்கெனவே கூகுள் ஷீட்டில் கொஞ்சம் கணக்குப் போட்டு வைத்திருந்தோம், அது அந்தத் தாளையே எடுத்து ஆப் ஆக்கித் தருகிறது. உங்களுக்கு வேறொன்று வசதி என்றால் அதையே எடுங்கள். கருவி எதுவானாலும் வேலை ஒரே மாதிரிதான்.

இப்போது எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். தையல் தெரிந்த அக்காமாருக்கு இது உடனே புரியும். டெய்லரிடம் துணி கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் கொடுப்போம்லா? எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் அளவு ஜாக்கெட் இல்லாமல் தைத்தால் கை ஏறாது. ஆப்புக்கு அளவு ஜாக்கெட் நம்ம நோட்டு. அதனால் முதல் மூன்று வாரம் போனையே எடுக்கவில்லை. தாளும் பேனாவும்தான்.

முதல் வாரம், ஒரு ஆர்டர் வந்ததிலிருந்து பங்கு கைக்கு வருகிற வரைக்கும் என்னென்ன நடக்கிறது என்று 8 பேரும் உட்கார்ந்து சொன்னோம். ஆர்டர் வருது, முன்பணம் வருது, யார் செய்யணும்னு பிரிக்கிறோம், சரக்கு வருது, எடை போடுறோம், பொட்டலம் போடுறோம், அனுப்புறோம், பாக்கி வாங்குறோம், பங்கு பிரிக்கிறோம். ஒன்பது படி. இதில் எழுத்தில் இருந்தது மூன்று படிதான் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

இரண்டாம் வாரம், எதை எந்தத் தாளில் எழுதுவது என்று பிரித்தோம். ஐந்து தாள் வந்தது. வாங்குகிறவர் பெயரும் போன் எண்ணும் ஒரு தாள். சரக்கும் அதன் விலையும் ஒரு தாள். ஆர்டர் ஒரு தாள். அந்த ஆர்டருக்கு யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார் என்பது ஒரு தாள். பணம் வந்தது ஒரு தாள். ஏன் ஒரே தாளில் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஒரே தாளில் எழுதினால் ஒரே ஆள் பெயரை 20 தடவை எழுதணும். ஒரு தடவை செல்வி, இன்னொரு தடவை செல்வி அக்கா, அடுத்த தடவை காயல்பட்டினம் செல்வி என்று எழுதுவோம். மூன்றும் ஒரே ஆளா, மூன்று ஆளா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் ஆளுக்கு ஒரு எண், ஆர்டருக்கு ஒரு எண். தாளுக்குத் தாள் அந்த எண்தான் முடிச்சுப் போடும். வங்கி நம்மைப் பெயரைச் சொல்லியா தேடுகிறது? கணக்கு எண்ணைச் சொல்லித்தானே. அதேதான்.

மூன்றாம் வாரம் விதிகளை எழுதினோம். முன்பணம் கொடுக்காத பெரிய ஆர்டரை யார் ஒப்புக்கொள்ளலாம்? பாக்கி எத்தனை நாள் விடலாம்? குழுவுக்கு எவ்வளவு எடுக்கலாம்? இதில்தான் சண்டை வந்தது. ரெண்டு கூட்டம் பேசினோம். குழுவுக்கு நூற்றுக்கு 5 ரூபாய் என்று முடிவாகித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சண்டை வந்தது நல்லதுக்குத்தான். வெளியாள் செய்த ஆப்பாக இருந்தால் அந்த விதியை அவர் ஒருத்தரே முடிவு செய்திருப்பார். நமக்குத் தெரியாமலேயே அது நம்ம விதி ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் மடிக்கணினி. கல்லூரித் தங்கச்சியும் நானும் சேர்ந்து அந்த ஐந்து தாளையும் கூகுள் ஷீட்டில் ஐந்து பக்கமாகப் போட்டோம். தலைப்பெல்லாம் தமிழிலேயே வைத்தோம். ஆப்ஷீட் அந்தத் தலைப்புகளைப் பார்த்துத் தானே படிவம் போட்டது. இது தேதி, இது பணம், இது போன் எண், இது போட்டோ என்று ஒவ்வொன்றுக்கும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். செய்கிற இடத்தில் பட்டன் எல்லாம் இங்கிலீஷில்தான் இருந்தது. அதைத் தங்கச்சி வாசித்தாள். என்ன வேண்டும் என்று நான் சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், கருப்பட்டிக் கணக்கு தெரியாது. எனக்குக் கருப்பட்டிக் கணக்கு தெரியும், இங்கிலீஷ் கொஞ்சம்தான். ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து உட்கார்ந்து பத்து நாளில் முடித்தோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கூடவே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 5 கிலோ சுக்குக் கருப்பட்டி கேட்கிறார். கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 ரூபாய். முன்பணம் 500 கொடுக்கிறார். போனில் ஆர்டர் படிவத்தைத் திறந்து அவர் பெயரைத் தொட்டு, சரக்கைத் தொட்டு, 5 என்று போட்டால் 2,000 தானே வரும். முன்பணத்தைப் போட்டால் பாக்கி 1,500 என்று சிவப்பில் நிற்கும். ஒரு அக்கா 3 கிலோ, ஒரு மதினி 2 கிலோ கொடுக்கிறார்கள். அதை எடை போட்ட உடனே அவர்கள் முன்னாலேயே பதிவு. தராசில் இருக்கிற எடையைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். பாக்கி வந்ததும் சிவப்பு பச்சையாகும். அக்கா பங்கு 1,200-ல் குழுவுக்கு 60 போக 1,140. மதினி பங்கு 800-ல் 40 போக 760. குழுவுக்கு 100. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 2,000 வரும். முன்னால் இந்தக் கணக்கைத் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போடுவோம். இப்போது சரக்கு கை மாறுகிற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தாலும் போனில் நிற்கும், சிக்னல் வந்ததும் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொரு பயனும் கிடைத்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் நம்ம ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் பெயர் பெரிதாகப் பெரிதாகக் கலப்படமும் பெரிதாகிறது. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய வருகிறது. வாங்குகிறவர்கள், "இது எங்க எடுத்த கருப்பட்டி?" என்று கேட்கிறார்கள். நாங்கள் கருப்பட்டி வாங்கும்போது தேதி, வாங்கிய ஊர், எத்தனை சிப்பம் என்று ஒரு வரி சேர்த்துப் பதிகிறோம். பொட்டலத்தில் அந்த எண்ணை எழுதுகிறோம். யாராவது ருசி சரியில்லை என்று சொன்னால் அந்த எண்ணை வைத்து எந்தச் சிப்பம் என்று பார்த்துவிடலாம். மீதி எல்லாச் சரக்கின் மேலும் சந்தேகம் விழாது.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய விஷயங்கள். இவற்றை எழுதிக் கொள்ளுங்கள்.

முதலாவது, ஆப் யார் பெயரில் இருக்கிறது? பல பேர், "என் மகன் செஞ்சு தாரேன்னு சொல்லுதான்" என்று சொல்கிறீர்கள். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் மகனுடைய மெயில் கணக்கில் செய்தால், அவன் நாளைக்குச் சென்னைக்கோ துபாய்க்கோ போனால் ஆப்பும் கூடவே போய்விடும். குழுவுக்கென்று தனி மெயில் கணக்கு தொடங்குங்கள். கடவுச்சொல் ரெண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். பொறுப்பாளர் மாறும்போது வங்கியில் கையெழுத்து மாற்றுகிற மாதிரி இதையும் மாற்றித் தீர்மானம் எழுதுங்கள்.

இரண்டாவது, எதைப் போடக் கூடாது? ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் விவரம், ஓடிபி எதுவும் இந்த ஆப்பில் வேண்டாம். சுக்குக் கருப்பட்டி விற்க ஆதார் எதுக்கு? வாங்குகிறவர் போன் எண்ணும் ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று ஆப்பிலேயே பிரித்து வைக்க வழி இருக்கிறது. பதிந்த தொகையைத் திருத்துகிற உரிமையை யாருக்கும் தனியாகக் கொடுக்காதீர்கள். திருத்தணும்னா கூட்டத்தில் சொல்லித் திருத்துங்கள்.

மூன்றாவது, செலவு. செய்து பார்க்கக் காசு கேட்காது. ஆனால் நிறைய பேர் பயன்படுத்தும்போது ஆளுக்கு இத்தனை என்று மாதக் கட்டணம் வரும். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு விதம். முதலிலேயே படித்துப் பார்த்து, அதையும் சரக்கு விலையில் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் கட்ட லாபம் காணாது என்றால் வெறும் கூகுள் ஷீட்டே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாலாவது, பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பாஸ் புத்தகம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். வங்கியும் தணிக்கைக்கு வருகிறவர்களும் கேட்பது அதைத்தான். ஊரகப் பகுதிக் குழுக்களின் சேமிப்பு, கடன் கணக்குக்கு அரசே லோக்ஓஎஸ் என்று ஆப் வைத்திருக்கிறது. நாம் செய்வது அதற்குப் போட்டி இல்லை. நம் வியாபாரக் கணக்குக்கு மட்டும் இது. மாசக் கடைசியில் எல்லாத் தாளையும் இறக்கி ஒரு நகல் எடுத்து வையுங்கள், முடிந்தால் அச்சடித்துக் கோப்பில் போடுங்கள். கருவிக்காரர்கள் நாளைக்குக் கட்டணத்தைக் கூட்டலாம், கடையையே மூடலாம். கணக்கு நம் கையில் இருந்தால் வேறு கருவிக்கு மாறிக்கொள்ளலாம்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வாசிக்கத் தெரியாத நம் பெரியம்மாமாருக்கு இந்த ஆப் என்ன செய்யும்? எங்கள் குழுவில் ரெண்டு பேர் கைநாட்டு. அதில் ஒரு பெரியம்மா என்னிடம், "நோட்டுல எழுதுனாலாவது இந்தப் பக்கத்துல என் பேரு இருக்குன்னு விரல வச்சுப் பார்ப்பேன். போனுக்குள்ள போட்டுட்டா நான் எதத் தொட்டுப் பார்க்க?" என்று கேட்டாவ. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஆப்பைத் தொடங்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மூழ்கி எடுத்த சிப்பியைக் கரைக்குக் கொண்டு வந்து மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். ஒரு குவியல் குளித்தவர்களுக்கு, ரெண்டு குவியல் அரசாங்கத்துக்கு. அந்தப் பங்கு நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. ஆனால் பிரித்தது மணலில், கண் முன்னால். எழுத்துத் தெரியாதவரும் குவியலைப் பார்த்துச் சின்னது பெரியது சொல்ல முடியும். கணக்கு என்றால் அப்படிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதனால் எங்கள் ஆப்பில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவரவர் போட்டோ வைத்தோம். சரக்குக்கும் போட்டோ. பாக்கி சிவப்பு, வந்தது பச்சை. அதோடு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த வாரத்துப் பதிவு ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிக்கிறோம். "பெரியம்மா, நீங்க செவ்வாய்க்கிழமை 3 கிலோ கொடுத்தீங்க, சரியா?" என்று கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பாஸ் புத்தகம் மாதிரி ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுக்கிறோம். அந்த அட்டைதான் அவர்கள் தொட்டுப் பார்க்கிறது. ஆப் செய்தது எழுதுகிற வேலையைக் குறைத்தது. நம்பிக்கை வந்தது அந்தச் சத்தமான வாசிப்பால். வாசிக்கிற பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்தால் ஆப் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இந்தக் கருவியால் முடியாததும் உண்டு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வாங்குகிற பெரிய கடைக்கோ, வங்கி மாதிரிப் பணம் கை மாற்றுகிற வேலைக்கோ இது போதாது. அதற்குப் படித்தவர்கள் வேண்டும், காசும் வேண்டும். அப்படி நம் கூட்டமைப்பு ஒருநாள் பெரிதாக வளர்ந்து வெளியாளிடம் கொடுக்க வேண்டி வந்தாலும், நாம் ஒரு தடவை கையால் செய்து பார்த்திருந்தால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். எதுக்கு இவ்வளவு காசு என்று கேட்கவும் வாய் வரும்.

ரெண்டு மாசம் கூட்டத்துக்கு வராமல் இருந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். அந்த 1,450 ரூபாய் எந்த ஆர்டர் என்று இன்று வரைக்கும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய கணக்கை எந்த ஆப்பாலும் திருப்பிக் கொண்டு வர முடியாது. 8 பேரும் பேசி, குழுப் பங்கிலிருந்து அந்தத் தொகையை அவர்களுக்குக் கொடுத்துத் தீர்மானம் எழுதினோம். இப்போது எங்கள் குழுவில் எடை போட்டுப் பதிகிற பொறுப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. யார் சரக்கு கொண்டு வந்தாலும், "நில்லுட்டி, பதிஞ்சிட்டுப் போ" என்று அவர்கள் விடமாட்டார்கள்.

கூட்டமைப்பு அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஆப் வாங்க இப்போதே காசு ஒதுக்க வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ரெண்டு பேர் வரட்டும். ஒருவர் கணக்கு எழுதுகிறவர், இன்னொருவர் போன் பழகிய இளம் பெண். கையில் போன் வேண்டாம், வியாபாரக் கணக்கு நோட்டைக் கொண்டு வரட்டும். நோட்டு இல்லாத குழு ஒரு வெள்ளைத்தாளில் ஆர்டர் வந்ததிலிருந்து பங்கு பிரிக்கிற வரைக்கும் உள்ள படிகளை எழுதிக் கொண்டு வரட்டும். கருவாடு விற்கிற குழுவுக்கும், ஓலைப்பெட்டி முடைகிற குழுவுக்கும், தையல் குழுவுக்கும் படிகள் வேறு வேறாக இருக்கும். அதை எழுத நாங்கள் கூட உட்காருகிறோம். தாளில் சரியாக வந்த பிறகு போனுக்குப் போவோம்.

இங்கிலீஷ் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். உங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். அது தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது.